பேட்ச் நம்பர் போடாத 120 பாட்டில்கள்

இயற்கை வாசனைத் திரவியமும் குளியல் சோப்பும் வீட்டிலேயே செய்து விற்க ஆரம்பித்த மூன்றாவது வருடம் எனக்கு அந்த மெசேஜ் வந்தது. ஒரு போட்டோ, அதன் கீழே ஒரே வரி: "இது உங்க ரோல்-ஆன் தடவின இடம்தான்னு நினைக்கிறேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." காதுக்குக் கீழே தொடங்கி கழுத்தின் பக்கவாட்டில் ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. மேலே விரல் நுனி அகலம், போகப் போக மெலிந்து, முடிகிற இடத்தில் சொட்டு மாதிரி உருண்டு நின்றது. எண்ணெய் வழிந்த தடம் அப்படியே தோலில் பதிந்திருந்தது. நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் பத்தே நிமிடத்தில் நான் அனுப்பிய பதில் இதுதான்: "எங்கள் தயாரிப்பில் கெமிக்கல் எதுவும் இல்லை, முழுக்க இயற்கை எண்ணெய்தான், வேறு ஏதாவது க்ரீம் போட்டீர்களா என்று பாருங்கள்." பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். செடியிலிருந்தும் பழத்தோலிலிருந்தும் வருவது தோலுக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலையே தொடங்கினேன். அவர் "சரிங்க" என்று மட்டும் எழுதினார். இந்த மூன்று வருடத்தில் நான் செய்த எல்லாத் தவறிலும் என்னை இன்னும் உறுத்துவது அந்தப் பதில்தான். நான்கு நாள் கழித்து வேறொருவர் மணிக்கட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதே பழுப்பு, அதே ரோல்-ஆன். இருவரும் தடவிக்கொண்டு பகல் முழுக்க வெயிலில் இருந்திருக்கிறார்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை, விடிய விடிய படித்தேன்.

படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் போதும், மற்றது எதுவும் நடந்திருக்காது. பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலை அழுத்திப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பெர்காப்டென் என்று ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது, ஃபியூரோகூமரின் வகையைச் சேர்ந்தது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு தோலைப் புண்ணாக்கும். சிலருக்குச் சிவந்து கொப்புளம் வரும், சிலருக்கு நேரடியாகக் கறுத்துவிடும், அந்தக் கறை போக மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பெர்லோக் டெர்மடைடிஸ் என்று ஒரு பெயரே இருக்கிறது. பிரெஞ்சில் பதக்கம் என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்ததாம், கழுத்தில் சொட்டு சொட்டாகப் பதக்கம் தொங்குவது போல இருப்பதால். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த முதல் போட்டோதான் கண்முன் நின்றது. நூறு வருடமாகத் தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை. இஃப்ரா என்று சொல்கிற சர்வதேச வாசனைப் பொருள் சங்கம் 1973 முதல் இருக்கிறது. இப்படிப்பட்ட பொருட்களை எந்த அளவுக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு வைப்பதுதான் அவர்களுடைய முக்கியமான வேலை. தோலில் தங்கி வெயில் படுகிற பொருளில் பிழிந்தெடுத்த பெர்கமாட் எண்ணெய்க்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு 0.4 சதவீதம். என் ரோல்-ஆனில் வாசனைக் கலவை 10 சதவீதம், அதில் பாதி பெர்கமாட். அதாவது 5 சதவீதம். 12 மடங்குக்கும் மேல்.

அப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஆறு மாதமாக இதே செய்முறைதான், ஒரு சொட்டுகூட மாற்றவில்லை, அப்படியென்றால் முன்பு வாங்கியவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? காலி பாட்டில்கள் போட்டு வைக்கும் பெட்டியைக் கொட்டித் தேடினேன். இரண்டு பெர்கமாட் பாட்டில் கிடைத்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய பாட்டிலின் லேபிளில், பெயருக்குப் பின்னால், சின்ன எழுத்தில் எஃப்சிஎஃப் என்று இருந்தது. ஃபியூரோகூமரின் நீக்கியது என்று அர்த்தம். அதைத் தற்செயலாக வாங்கியிருக்கிறேன், அந்த மூன்று எழுத்தை நான் கவனித்ததே இல்லை. அது தீர்ந்ததும் வேறு இடத்தில் வாங்கினேன், அது பிழிந்தெடுத்தது, வாசனை இன்னும் உயிரோட்டமாக இருந்தது. நோட்டில் இரண்டுக்கும் "பெர்கமாட்" என்று ஒரே சொல்தான் எழுதியிருந்தேன்.

சரி, எந்தெந்த பாட்டிலில் புது எண்ணெய் இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் திரும்ப வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒரு தடவைக்கு 24 பாட்டில் வீதம் ஐந்து தடவை செய்திருக்கிறேன், மொத்தம் 120. எண்ணெய் வாங்கிய தேதியை வைத்துப் பார்த்தால் முதல் மூன்று தடவை செய்ததில் பழைய எண்ணெய், கடைசி இரண்டில் புதியது. ஆக 72 பாட்டில் பிரச்சினை இல்லாதது, 48 ஆபத்தானது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே லேபிள், செய்த தேதி இல்லை, நம்பர் இல்லை. செய்து முடித்ததையெல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து அனுப்பியிருக்கிறேன். முகர்ந்து பார்த்தெல்லாம் பிரிக்க முடியாது. 48 பாட்டிலுக்காக 120-ஐயும் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன், பார்சல் செலவும் என்னுடையது. அதுவரை எட்டு மாதம் சம்பாதித்த லாபம் மூன்று வாரத்தில் போனது. நேரில் விற்கும் ஒரு கடைக்குக் கொடுத்திருந்த 30 பாட்டில் யார் யாருக்குப் போனது என்று அந்தக் கடைக்கே தெரியாது. அவர்கள் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள், அதோடு என்னிடம் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒவ்வொருவரையாகப் போனில் கூப்பிட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். முதல் அழைப்புக்கு முன் அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டது உதவியது, நீங்களும் அப்படியே செய்யுங்கள்: என்ன பிரச்சினை, இப்போது என்ன செய்ய வேண்டும் (தடவுவதை நிறுத்துங்கள், அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிவந்தோ கறுத்தோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்), பணம் எப்போது வரும். மூன்று வாக்கியம் போதும், நம்முடைய வருத்தத்தை நீட்டி முழக்கினால் அவர்கள் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைமை வந்துவிடும், அது நியாயமில்லை. நான் பயந்த அளவுக்கு யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "இயற்கைன்னு நம்பித்தானேம்மா வாங்கினேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை செய்யும்போதும் ஒரு நம்பர். என் முறை எளிது: பொருளின் முதல் எழுத்து, தேதி, அன்றைக்கு எத்தனையாவது தடவை. அது பாட்டிலில் தண்ணீரோ எண்ணெயோ பட்டாலும் அழியாத மாதிரி இருக்க வேண்டும், இங்க் பேனாவால் எழுதினால் அழிந்துவிடும். அதே நம்பரில் நோட்டில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் எந்த எண்ணெய், யாரிடம் வாங்கியது, அவர்கள் போட்ட லாட் நம்பர், எத்தனை கிராம், யார் யாருக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலை விற்காமல் நானே எடுத்து வைக்கிறேன், குறைந்தது அந்தப் பொருளின் காலாவதித் தேதி முடிகிற வரைக்கும். 24-ல் ஒன்று போகிறதே என்று தோன்றும், அந்த ஒன்று பிறகு என்னை எப்படிக் காப்பாற்றியது என்று கீழே வருகிறது.

அப்புறம், சொட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். வெட்டிவேர் எண்ணெய் கெட்டியாக இறங்கும், எலுமிச்சை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடும், இரண்டின் சொட்டும் ஒரே எடை கிடையாது, ட்ராப்பர் மாறினாலும் சொட்டு மாறும். சொட்டில் எழுதிய செய்முறையில் சதவீதம் கணக்குப் போடவே முடியாது, சதவீதம் தெரியாமல் வரம்பைப் பார்க்க முடியாது. 0.01 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள், நான் வாங்கிய உபகரணங்களில் உருப்படியானது அதுதான். எண்ணெய் வாங்கும்போது மூன்று தாள் கேளுங்கள்: பாதுகாப்புத் தகவல் தாள், இஃப்ரா சான்று, அந்த லாட்டுக்கான ஜிசி-எம்எஸ் அறிக்கை. மூன்றாவதில்தான் எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும், கலப்படமும் ஓரளவு அதில் மாட்டும். கேட்டால் தராதவர்களிடம் நான் வாங்குவதில்லை. எலுமிச்சை (லெமன்), லைம், பெர்கமாட் வகையெல்லாம் பிழிந்ததா ஆவியில் வடித்ததா என்று கட்டாயம் பாருங்கள். பிழிந்த லைமுக்கு வரம்பு 0.7 சதவீதம், எலுமிச்சைக்கு 2 சதவீதம், ஆவியில் வடித்ததில் இந்த வெயில் பிரச்சினை கிடையாது. உடனே கழுவிவிடும் சோப்புக்கு இந்த வெயில் வரம்பு பொருந்தாது, அதனால் மிச்சமிருந்த பெர்கமாட்டை வீணாக்காமல் சோப்பில் போட்டேன். இன்னொன்று, இந்தப் பழ எண்ணெய்களைத் திறந்து காற்றுப் பட வைத்தால் அதிலுள்ள லிமோனீன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறிவிடும், மாறிய பிறகு அலர்ஜி உண்டாக்கும் சக்தி அதிகம். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த தேதி எழுதி, குளிர்ச்சியாக வைத்துத் தீர்த்துவிடுங்கள். லிமோனீன், லினலூல், ஜெரானியால், சிட்ரால் இவையெல்லாம் இயற்கை எண்ணெயிலேயே இருப்பவை, சிலருக்கு ஒத்துக்கொள்ளாதவை, லேபிளில் பெயர் போடுங்கள். எந்த நாட்டில் விற்கிறீர்களோ அந்த நாட்டின் விதி என்ன கேட்கிறது என்பதை விற்பதற்கு முன்பே படித்துவிடுங்கள், நான் விற்ற பிறகு படித்தேன்.

இந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அவசரத்தில்தான் இரண்டாவது அடி வாங்கினேன். ஒரு விழாவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க 300 சோப் கேட்டார்கள், ஏழு வாரம் அவகாசம். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்த்துச் சூடு காட்டாமல் செய்யும் சோப்புக்கு அச்சிலிருந்து எடுத்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காயவிட வேண்டும், கணக்கு சரியாக இருந்தது. செலவைக் குறைக்க எண்ணெயில் 40 சதவீதம் சூரியகாந்தி போட்டேன். நுரையோடு மென்மையும் வேண்டும் என்று சோடாவைக் குறைத்து 8 சதவீதம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி விட்டேன். வழக்கமான மரத் தட்டில் 300 இடம் கொள்ளாததால் பழைய இரும்புக் கம்பி அடுக்கு ஒன்றைத் துடைத்து அதில் பாதியை அடுக்கினேன். ஆறாவது வாரம் காகிதம் சுற்ற உட்கார்ந்தபோது, ஒரு சோப்பைத் திருப்பினால் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். வரிசையாக இருந்தன. கம்பி தொட்ட இடமெல்லாம் கோடு கிழித்த மாதிரி. முகர்ந்தால் லாவெண்டருக்கு அடியில் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. மரத் தட்டில் இருந்ததிலும் அங்கங்கே தொடங்கியிருந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், 300-ஐயும். கொடுக்கலாம் என்று தேறியவை 64.

சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் அதிகம், அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், இரும்பும் செம்பும் அதை இன்னும் வேகப்படுத்தும். மிச்சம் விட்ட எண்ணெய் அதிகமானால் கெட்டுப்போகிற எண்ணெயும் அதிகம். நான் மூன்றையும் ஒன்றாகச் செய்திருக்கிறேன். இப்போது ஹை-ஓலியிக் (லினோலிக் அமிலம் குறைந்தது) என்று போட்ட சூரியகாந்தி எண்ணெய்தான், அதுவும் கொஞ்சமாக, மிச்சம் 5 சதவீதத்துக்கு மேல் இல்லை, காயவைப்பது மரத்தில் அல்லது பிளாஸ்டிக் பூசிய அடுக்கில், கீழே காகிதம் விரித்து. சோடாக் கரைசலுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, வடித்த தண்ணீர்தான். ரோஸ்மேரி சாறு என்று எண்ணெய்க்குப் பாதுகாப்பாகப் போடுவது ஒன்று இருக்கிறது, அது வாசனைக்குப் போடும் ரோஸ்மேரி எண்ணெய் இல்லை, பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அதையும் புது எண்ணெயில் போட்டால்தான் பலன், கெட்டுப்போனதை அது மீட்காது. ஏழு வாரம் என்று யாராவது சொன்னால் இப்போது நான் பத்து வாரம் கேட்கிறேன், இல்லையென்றால் ஆர்டர் வேண்டாம். அந்த 300 சோப்புக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டில் கடன் வாங்கினேன். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் அழுகையாக வந்தது.

எடுத்து வைத்த பாட்டில் காப்பாற்றியது மூன்றாவது சம்பவத்தில். முகத்தில் தெளித்துக்கொள்ளும் பன்னீர் ஸ்ப்ரே 40 பாட்டில் செய்தேன். பாதுகாப்புக்கு வைட்டமின் ஈ-யும் கிரேப்ஃப்ரூட் விதைச் சாறும் போட்டிருந்தேன், எல்லோரும் இயற்கைப் ப்ரிசர்வேட்டிவ் என்று சொல்வதால். விற்பனைக்கு வைக்கும் முன் ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஒன்றை ஜன்னலோரம் வைத்திருந்தேன். 19-வது நாள் காலையில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தபோது, பாட்டிலின் அடியில் பஞ்சை மிகவும் மெல்லிசாகப் பிய்த்துப் போட்ட மாதிரி ஒன்று மெதுவாகச் சுழன்றது. பூஞ்சை. வாசனை அப்போதும் நன்றாகவே இருந்தது, முகர்ந்து மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. 40-ஐயும் கொட்டினேன், ஆனால் ஒன்றுகூட யார் முகத்துக்கும் போகவில்லை. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்காவதைத் தள்ளிப்போடும், கிருமியைக் கொல்லாது. கிரேப்ஃப்ரூட் விதைச் சாற்றை ஆய்வுக்கூடங்களில் பிரித்துப் பார்த்தபோது, பல மாதிரிகளில் கிருமியைக் கொன்றது அதில் கலந்திருந்த செயற்கைப் பொருள்தான் என்று தெரிந்திருக்கிறது. தண்ணீர் இருக்கிற எந்தப் பொருளுக்கும் முறையான ப்ரிசர்வேட்டிவ் வேண்டும், அது வேலை செய்யும் பிஹெச் (அமிலத்தன்மை) அளவும் வேண்டும். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டும் பிஹெச் 5-க்குக் கீழே இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். போட்டது போதுமா என்று தெரிய ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே கிருமியைச் சேர்த்து 28 நாள் எண்ணிப் பார்க்கிற சோதனை இருக்கிறது. அதற்குப் பணம் இல்லாத வரைக்கும் தண்ணீர் இல்லாத பொருள் மட்டும் செய்வது என்று நான் முடிவெடுத்தேன், இன்னும் அப்படித்தான். தண்ணீர் இல்லாத சர்க்கரை ஸ்க்ரப்பிலும் ஈரக் கையை விடுவார்கள் என்பதை மறக்காதீர்கள், அதனால் அதற்கும் ப்ரிசர்வேட்டிவ் உண்டு.

பார்சலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆல்கஹாலில் செய்த வாசனைத் திரவியம் எளிதில் தீப்பற்றும் திரவம், ஐ.நா. எண் 1266 என்று அதற்குத் தனி வகையே இருக்கிறது, விமானத்தில் போகிற பார்சலில் சொல்லாமல் வைத்து அனுப்பக் கூடாது. முதல் வருடம் "அழகு சாதனம்" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டும்தான். கூரியரிடம் முன்பே கேட்டு அனுப்புங்கள். விலை விஷயத்தில், உங்கள் மணி நேரத்துக்குக் கூலி, விற்காமல் எடுத்து வைக்கும் பாட்டில், கெட்டுப்போகிற ஒரு பங்கு, கடைக்குக் கொடுக்கும் கமிஷன் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். எண்ணெயும் பாட்டிலும் மட்டும் கணக்குப் போட்டு விலை வைத்ததால்தான் ஒரு தவறு வந்தபோது தாங்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

முதல் மெசேஜ் அனுப்பியவருக்கு, உண்மை தெரிந்த அன்றே மறுபடி எழுதினேன். முன்பு அனுப்பிய பதில் தவறு, காரணம் என் எண்ணெய்தான், தெரியாமல் உங்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன், மருத்துவச் செலவு என்னுடையது என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "சொன்னதுக்கு நன்றி, என் பொண்ணும் அதையே எடுத்துத் தடவுவா, இன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்" என்று வந்தது. ஏழாவது மாதம் கோடு மங்கிவிட்டது என்று ஒரு போட்டோ அனுப்பினார், உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

120-ல் இதுவரை கணக்குக்கு வந்தவை 97. கடையில் விற்றதில் பெரும்பாலானவையும், நம்பர் மாற்றிக்கொண்ட இரண்டு மூன்று பேருடையவையும் சேர்த்து 23 பாட்டில் இன்னும் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. பச்சை மூடி, 10 மில்லி, லேபிளில் தேதி இல்லாதது. பாதி காலியாகி ஏதாவது மேஜை டிராயரில் கிடக்கலாம். அதனால் என் ஒவ்வொரு பார்சலிலும் இன்றுவரை ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன், அந்த மூடியின் படத்தோடு: இது உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ இருந்தால் தடவ வேண்டாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.